புதிய மரப்படகு முதல் நாள் ஏன் ஒழுகுகிறது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பனிக்காலம் முழுக்க வீட்டுக் கொட்டகையில் சிறு மரப்படகு கட்டுகிறவர்கள் உண்டு. வசந்தத்தில் ஏரியில் இறக்கினால் உள்ளே தண்ணீர்! பதற வேண்டாம். பெரும்பாலும் சில நாட்களில் ஒழுகல் தானே நின்றுவிடும். எப்படி?

கணப்பு எரியும் கொட்டகையில் காற்று வறண்டிருக்கும். பலகைகள் ஈரம் இழந்து சுருங்கும். இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விழும்.

ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறதே, ஏரியில் இறங்கிய பலகைகளும் அதுபோலத்தான். மரத்தின் நுண்ணறைச் சுவர்கள் நீரை உறிஞ்சி உப்பும். வேடிக்கை பாருங்கள்: பலகை அகலத்தில்தான் பருக்கும், நீளம் ஏறக்குறைய மாறாது. அடுத்தடுத்த பலகைகள் நெருக்கி, இடையில் திணித்த பஞ்சுத்திரியை இறுக்கும். வழி அடைபடும்.

அவசரப்பட்டு, காய்ந்த இடைவெளியில் கெட்டிப் பசையைத் திணித்துவிடாதீர்கள். உப்பும் பலகைக்கு இடமில்லாவிட்டால் அது ஆணியைப் பெயர்க்கும். சட்டத்தையே உடைக்கவும் கூடும்.