‘மி.மீ. பாதரசம்’: ஓர் அளவைக் குறியீட்டின் தொடரமைப்பு

பெங்களூரு மல்லேஸ்வரம் கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் அமைந்துள்ளது. கடற்கரையில் ஏறத்தாழ 760 மி.மீ. உயரம் நிற்கும் காற்றழுத்தமானியின் பாதரசத் தம்பம், அங்கு ஏறத்தாழ 680 மி.மீ. அளவிலேயே நிற்கும். இவ்வளவை ஆங்கிலத்தில் எழுதும்போது மில்லிமீட்டரை அடுத்து, பாதரசத்தின் வேதிக்குறியீடாகிய ‘எச்ஜி’ இடம்பெறும். ‘நீர்வெள்ளி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்த குறியீடு அது. தமிழில் இது ‘680 மி.மீ. பாதரசம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்படுவதுண்டு.

சிக்கல் சொல்லில் இல்லை, சொற்கள் நிற்கும் வரிசையில் உள்ளது. ‘மூன்று முழம் பூ’, ‘இரண்டு படி அரிசி’ ஆகிய தொடர்களில் அளவுப்பெயருக்குப் பின் வருவது அளக்கப்படும் பொருள். அம்முறைப்படி ‘680 மி.மீ. பாதரசம்’ என்பது பாதரசத்தின் அளவையே உணர்த்தும். அளக்கப்படுவதோ காற்றின் அழுத்தம். பாதரசம் அதற்குக் கோலாக நிற்கிறது. ஆங்கிலத்தில் பின்னின்று அலகை வரையறுக்கும் தனிமம், தமிழில் அடையாக முன் வருதல் வேண்டும். எனவே ‘680 பாதரச மி.மீ.’ என்பதே தமிழ்த் தொடரமைப்பிற்கு இயைந்தது.

‘680 மி.மீ. பாதரச அழுத்தம்’ என எழுதுவாரும் உளர். காற்றழுத்தத்தைப் பற்றிய பகுதியில் இது ஒருவாறு பொருந்தும். வேதியியல் நூலில் பொருந்தாது. அங்கே பாதரசத்திற்கென்றே ஓர் ஆவியழுத்தம் உண்டு. 20 பாகை செல்சியசில் பாதரசத்தின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 0.0012 பாதரச மி.மீ. ஆகும். இத்தொடரில் முதலில் வரும் பாதரசம் பொருள். அடுத்து வருவது அலகின் உறுப்பு. ஈரிடத்தும் ஒரே வடிவை ஆண்டால் படிப்பவர் இடர்ப்படுவர்.

ஒரு பாதரச மி.மீ. என்பது ஏறத்தாழ 133.322 பாசுகல். எல்லா இடத்தும் பாசுகலுக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும் எனலாம். ஆயினும் குருதியழுத்தத்தை மருத்துவரும் நோயாளரும் ‘120/80’ என்றே அறிவர்; அவ்வெண்களுக்குரிய அலகு பாதரச மி.மீ. தான். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பாதரசக் கருவிகள் குறைந்துவருகின்றன. பாதரசம் ஒரு துளியும் இல்லாத மின்னணுக் கருவியும் அதே அலகில்தான் அளவைக் காட்டுகிறது. தம்பத்தைக் கண்டறியாத படிப்பவருக்கு, ‘மி.மீ.’ என்னும் நீள அலகு அழுத்தத்தைக் குறிப்பது ஏன் என்பதை முதல் ஆட்சியிலேனும் ‘பாதரசத் தம்ப உயரம்’ என விரித்துக் காட்டுதல் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பாகும்.