பழைய காருக்குத் தனி டெம்பரேச்சர் மீட்டர்: செலவா, சேமிப்பா?

மிச்சம் பிடிச்சு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

போன வருஷம் என் பழைய கார் ஹைவேயில ஓவர்ஹீட் ஆச்சு. சிவப்பு லைட் எரிஞ்சும், 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்'னு ஓட்டினேன். சிலிண்டர் ஹெட் வளைஞ்சு, கேஸ்கெட்டும் போச்சு. பில் 38,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கிடைக்கலை. சாதாரண மோட்டார் பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கு கவர் கிடையாது. ஆடிட்டர் நானே அதை அப்போதான் படிச்சேன்!

சிவப்பு லைட் எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே கொதிச்சிருக்கும். பல கார்கள்ல மீட்டர் முள்ளும், சூடு கொஞ்சம் ஏறினாலும் நடுவுலயே நிக்கும். தனி மீட்டர் டிகிரியிலேயே காட்டும். வழக்கமா 90-ஐ ஒட்டி ஓடுற வண்டி 105-ஐத் தாண்டி ஏறிக்கிட்டே போனா, ஓரங்கட்ட நேரம் கிடைக்கும்.

செலவு எவ்வளவு? ஓபிடி போர்ட் இருக்கிற கார்னா ஒரு ப்ளூடூத் அடாப்டரும் மொபைல் ஆப்பும் போதும். என் காருக்கு அது இல்லை. ரேடியேட்டரோட மேல் ஹோஸ்ல அடாப்டர் வச்சு சென்சார் மாட்டினோம். கூலியோட 3,500 ரூபாய். ரப்பர் ஹோஸ்ங்கிறதால சென்சாருக்குத் தனி எர்த் வயர் கொடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ரீடிங் தப்பா வரும்.

ஒரு எச்சரிக்கை: கூலன்ட் ஒழுகித் தீர்ந்துட்டா சென்சார் காத்துல நிக்கும், மீட்டர் குறைவா காட்டலாம். அதனால வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறினப்புறம், கூலன்ட் அளவைப் பாருங்க.

இந்த மீட்டர் வருமானம் தராது. ஆனா உங்க எமர்ஜென்சி ஃபண்டு ஒரே நாள்ல ஒர்க்‌ஷாப்புக்குப் போகாம காப்பாத்தும்.