மனச்சிதைவு: வீட்டில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று

மூங்கில்துறைப்பட்டில் எங்கள் வீட்டுக்குக் கடிகாரமே சர்க்கரை ஆலைச் சங்குதான். 1993-இல், அரவை நடந்துகொண்டிருந்த சமயம், சித்தப்பா அம்மாவிடம் வந்து, "அண்ணி, சங்கு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது, உங்களுக்குக் கேக்கலயா?" என்றார். அவருக்கு அப்போது 24 வயது. கரும்பு வெட்டும் ஆட்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு 12. அம்மா சிரித்துவிட்டார். அடுத்த மாதம் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கோயில், மந்திரிப்பு, தாயத்து எல்லாம் முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். சீட்டு எழுதி, மாத்திரை கொடுத்து, "விடாம குடுங்க" என்றார்கள். என்ன நோய் என்றுகூடச் சொல்லவில்லை. மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் சித்தப்பா கயிற்றுக்கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிக்க மாட்டார், கேட்டாலொழிய பேச மாட்டார். அப்பா தினமும் காலையில் கத்துவார்: "கை கால் நல்லாத்தானே இருக்கு? எந்திரிச்சு வேலைக்குப் போடா, சோம்பேறி!" ஆயா நேர்மாறு. சோறு பிசைந்து ஊட்டிவிடும். மாத்திரையை ரசத்தில் கரைத்துத் தெரியாமல் கொடுக்கும்.

நான் மென்பொருள் பொறியாளன், மருத்துவன் இல்லை. சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் இந்த நோய் பற்றிய ஆய்வுகளைப் படித்து வருகிறேன். அதில் எங்கள் வீட்டுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

படுத்துக் கிடப்பதும் நோய்தான்

மனச்சிதைவின் அறிகுறிகள் இரண்டு வகை. ஒன்று, இல்லாதது வந்து சேர்வது: காதில் குரல், யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை. மற்றொன்று, இருந்தது போய்விடுவது: ஆர்வம், பேச்சு, முகபாவம், ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதல். முதல் வகை ஊருக்கே தெரியும். இரண்டாவது வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும், அதுவும் சோம்பேறித்தனமாகத் தெரியும். மருந்து முதல் வகையை நன்றாக அடக்குகிறது. இரண்டாவதில் அதன் பலன் குறைவு. சில சமயம் மருந்தே தூக்கத்தையும் மந்தத்தையும் கூட்டும்.

சித்தப்பா எழுந்திருக்க மறுக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது அப்பாவிடம் சொல்லியிருந்தால் போதும்.

லண்டனில் கண்டது, சண்டிகரில் கண்டது

1950-களின் இறுதியில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் லண்டனில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, வாடகை விடுதிக்குப் போனவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பியது. இதைத் தொடர்ந்து போனபோது மூன்று விஷயங்கள் பிடிபட்டன: ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாத்தல். 1976-இல் வான், லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இவை அதிகம் இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. குறைவாக இருந்த வீடுகளில் எட்டில் ஒருவருக்குத்தான்.

எங்கள் வீட்டில் அப்பா முதலாவது, ஆயா மூன்றாவது.

இதைப் படித்து யாரும் பதற வேண்டாம். குடும்பம்தான் நோயை உண்டாக்குகிறது என்பது இதன் அர்த்தம் இல்லை. மூட்டிய அடுப்பில் காற்று படுவது மாதிரி. அடுப்பை மூட்டியது காற்று இல்லை. 1980-களில் இதே ஆய்வைச் சண்டிகரில் செய்தபோது, அப்படிப்பட்ட வீடுகள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தன. லண்டனில் கிட்டத்தட்ட பாதி. ஆக, நம் குடும்பங்கள் தாங்கக்கூடியவைதான்.

அப்படியானால் திட்டுவது எங்கிருந்து வருகிறது? பின்னால் வந்த ஆய்வுகள் சொல்வது இது: "இவன் நினைத்தால் மாற முடியும், வேண்டுமென்றே செய்கிறான்" என்று நம்புகிறவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள். கோபத்துக்குக் காரணம் கெட்ட மனசு இல்லை, தகவல் இல்லாததுதான். தகவலை யாராலும் கொடுக்க முடியும்.

குடும்பத்தையும் சேர்த்து வைத்தியம்

திருவண்ணாமலை வழியாகப் பஸ் ஏறினால் வந்துவிடும் வேலூரில், 1957-லேயே இது தொடங்கிவிட்டது. சிஎம்சி மருத்துவமனை பாகாயத்தில் திறந்த மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்க வேண்டும். பார்த்துக்கொள்ள மட்டும் அல்ல, நோயைக் கற்றுக்கொள்ளவும்தான். வேலூர்ப் பகுதியில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: செய்வினை என்றும் நோய் என்றும் குடும்பங்கள் ஒரே நேரத்தில் நம்புகின்றன. அதனால், "கோயிலுக்குப் போகாதே" என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. மாத்திரை நிற்காமல் இருந்தால் சரி.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் பங்கேற்ற ஒரு பரிசோதனை 2014-இல் லான்செட் இதழில் வந்தது. காஞ்சிபுரம், கோவா, சதாரா மூன்று இடங்களிலும் சேர்த்து 282 நோயாளிகள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், மருத்துவர்கள் இல்லை, சிலருடைய வீடுகளுக்குப் போய்க் குடும்பத்தோடு பேசினார்கள். மாத்திரையைத் தொடரவும் அன்றாட வேலைகளுக்குத் திரும்பவும் உதவினார்கள். ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம் கூடுதல். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அது நன்றாகவே தெரிந்தது. டாக்டர் அரிதாக இருக்கும் கல்வராயன் மலை மாதிரி இடங்களுக்கு இது முக்கியமான செய்தி.

இந்த உதவி இல்லாத இடத்தில் குடும்பம் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, கொட்டகையில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் எல்லோரும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு வேறு வழி தெரியவில்லை. சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. வழி காட்டுவதுதான் இன்னும் பாக்கி.

செய்யக்கூடியவை

- திட்டவும் வேண்டாம், ஊட்டவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு சின்ன வேலை. செய்தால் நல்ல வார்த்தை, செய்யாவிட்டால் சும்மா விடுங்க.
- குரல் கேட்கிறது என்றால் "பொய்" என்று வாதாட வேண்டாம். "எனக்குக் கேக்கல, உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது" போதும்.
- மாத்திரையை ஒளித்துக் கொடுக்காதீர்கள். தெரிந்த நாளில் சோற்றின் மேலேயே சந்தேகம் வரும். மாதம் ஒருமுறை போடும் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
- தூக்கம் குறைவது, தனியாகப் பேசுவது போன்ற ஆரம்ப அறிகுறிகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.
- மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 14416-க்குப் போன் செய்தால் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.
- மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு. 40 சதவீதம் இருந்தால் சலுகைகள் கேட்கலாம்.
- தெளிவாக இருக்கும்போதே, எப்படிப்பட்ட வைத்தியம் வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை அவரே எழுதிவைக்க 2017 சட்டத்தில் இடம் இருக்கிறது.
- பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் இன்னொருவர் பொறுப்பெடுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நாங்கள் செய்யவில்லை. 21 வருஷம் ஆயா ஒரு கல்யாணத்துக்குக்கூட ராத்திரி தங்கியதில்லை. "எனக்கப்புறம் இவனுக்கு யாரு?" என்று கேட்டுக்கொண்டே 2014-இல் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கேள்விக்கு அப்பாதான் பதிலானார். நான் படித்ததை ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவன் வேணும்னு படுத்திருக்கலயாடா?" என்றார். "இல்லப்பா" என்றேன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது காலையில் அவர் சித்தப்பாவிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, ஒரு குடம் தண்ணி மட்டும் எடுத்துட்டு வா." சில நாள் வருகிறது. வராத நாளில் அப்பாவே எடுத்துக்கொள்கிறார்.