'கீச்'னு கத்துச்சா... காது கொடுங்க பாஸ்!

செமஸ்டர்ல ஐ.சி. எஞ்சின் பேப்பர்ல எண்பது மார்க் தாண்டினவங்க எல்லாம் கொஞ்சம் கையைத் தூக்குங்க. சரி, இப்போ உங்க வீட்டு கார் பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பா எதுன்னு காட்டுங்க பார்க்கலாம். என்ன பாஸ், கை தானா கீழே இறங்குது? வெட்கப்படாதீங்க. போன மார்கழி வரைக்கும் நானும் உங்க கட்சிதான்!

இத்தனைக்கும் நாம இருக்கறது எந்த ஏரியா? ஆவடியில் ராணுவ டாங்கியே செய்யறாங்க. 1998-ல் ஆரம்பிச்சு பல வருஷம் மிட்சுபிஷி லான்சர் கார் வெளியே வந்தது இந்துஸ்தான் மோட்டார்ஸோட திருவள்ளூர் ஃபேக்டரியில் இருந்துதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பையே உருக்கறாங்க. நமக்கு மட்டும் பானெட் லீவர் எங்கே இருக்குன்னு தெரியாது!

எங்க சித்தப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வெச்சிருக்கார். வயசு பதினாலு. காலையில் பிரேக் போட்டா 'கீச்ச்'னு ஒரு சத்தம் வரும். "சிப்காட் ரோட்டுல ஓடற வண்டி... தூசி சேராதாடா?"ன்னார் சித்தப்பா. நான் என்ன பண்ணேன்? எஃப்.எம். சவுண்டைக் கூட்டி வெச்சேன். அடுத்த மாசம் டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு மினுக்குச்சு. பிரேக் ஆயில் குறைஞ்சிருந்தது. ஒரு பாட்டில் வாங்கி ஊத்தினோம், விளக்கு அணைஞ்சுது, பிரச்னை தீர்ந்துதுன்னு நினைச்சுக்கிட்டோம்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, கவரைப்பேட்டை தாண்டி ஹைவேயில் போயிட்டிருந்தோம். முன்னாடி போன கன்டெய்னர் லாரி திடீர்னு வேகத்தைக் குறைச்சது. சித்தப்பா பிரேக்கை அழுத்தி மிதிக்க, இரும்பும் இரும்பும் உரசற மாதிரி 'கரகர'. வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போய், லாரிக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. பின் சீட்டில் என் தங்கச்சி. ரொம்ப நேரம் யாரும் பேசலை.

பொன்னேரியில் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துட்டு, "இதுல பேட் எங்க தம்பி இருக்கு? வெறும் தகடுதான் இருக்கு"ன்னார். டிஸ்க்லயும் ஆழமா கோடு விழுந்திருந்தது. பேடோட போக வேண்டிய செலவு டிஸ்க் வரைக்கும் போயிடுச்சு.

அந்த 'கீச்' தூசி இல்லையாம். பல பிரேக் பேட்களில் சின்னதா ஒரு உலோக நாக்கு வெச்சிருப்பாங்க. பேட் தேய்ஞ்சு மெலிஞ்சதும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். அதாவது, கத்தணும்னே வெச்சது. சரி, ஆயில் ஏன் குறைஞ்சது? பேட் தேயத் தேய, கேலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் இருந்து ஆயில் இறங்கும். லீக்கே இல்லாம ஆயில் குறைஞ்சா, பேடைப் பாருன்னு அர்த்தம். "டாப்-அப் பண்ணி நீங்களே சாட்சியைக் கலைச்சுட்டீங்க"ன்னு அண்ணன் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

ஆயிலையும் அவர் விடலை. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சுமாம். டாட் 4 ரகம் புதுசா இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினதுக்கு விதி சொல்ற அளவு 155 டிகிரிதான். சூட்டில் ஆயில் கொதிச்சா குமிழ் வரும், குமிழ் அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இதைத்தான் நாம ஹைட்ராலிக்ஸ் பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதினோம்! ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்திடறது நல்லது.

டயரும் பேசும். பட்டன் பள்ளத்துக்குள்ள அங்கங்கே சின்ன மேடு இருக்கும். ரப்பர் தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமாயிட்டா, மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதுக்கு மேல ஓட்டினா சட்டப்படியே தப்பு. நடுவில் மட்டும் தேய்ஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேய்ஞ்சா காத்து கம்மி, ஒரே ஓரம்னா வீல் அலைன்மென்ட் பாருங்க. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்த டயர்.

கத்தாத ஆசாமியும் ஒருத்தர் உண்டு. சில எஞ்சின்களில் ரப்பர் டைமிங் பெல்ட். அது பெரும்பாலும் சொல்லாமக் கொள்ளாம அறுந்துடும். அப்படி அறுந்தா, பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே காலி. அதுக்கு ஒரே வழி, மேனுவல் சொல்ற கிலோமீட்டரில் மாத்தறது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைத் தடவிப் பார்க்கறதுக்கு முன்னாடி பெல்ட் மாத்தின பில்லைக் கேளுங்க.

அடுத்த வருஷம் சித்தப்பா காருக்குப் பதினஞ்சு வயசு. ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியைக் கொண்டு போய்க் காட்டணும். அதுவரைக்கும் வண்டியில ஏறினதும் நான் முதல்ல எஃப்.எம்.மை ஆஃப் பண்ணிடறேன். "ஒரு பாட்டு கேக்க விடறானா பாரு"ன்னு சித்தப்பா தினமும் புலம்பறார்.