ஒரு கண் மட்டும் பார்க்கிறதா?

உங்கள் பிள்ளை ஓடுகிறது, விளையாடுகிறது, கீழே விழுந்த ஊசியையும் தேடி எடுத்துத் தருகிறது. அதன் கண்ணில் குறை இருக்குமென்று நீங்கள் ஏன் நினைக்கப் போகிறீர்கள்? ஆனால், இத்தனையையும் அது ஒரே கண்ணால் செய்துகொண்டிருக்கலாம்.

சில பிள்ளைகளுக்கு இரு கண்களின் பவரும் ஒன்றல்ல. ஒன்றுக்குக் கண்ணாடியே தேவையிராது. மற்றதற்கு மூன்று, நான்கு பவர் வேண்டியிருக்கும். நல்ல கண் தெளிவாகக் காட்டுவதால், மங்கலான மற்றதை மூளை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். (பாவம், அது சோம்பேறியல்ல, அதற்கு வேலை கொடுக்கப்படவில்லை.) மாறுகண் என்றால் மூத்தம்மாவாவது கண்டு சொல்வார். இதிலோ இரு கண்களும் நேராக, அழகாக இருக்கும். பிள்ளையும் முறையிடாது, அதற்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான்.

எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளையை எப்படிச் சோதிப்பது?

பெருநாள் இரவில் பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் கண்மணிகள் சிவப்பாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே போன வெளிச்சம் கண்ணின் பின்புறத்தில், இரத்தக் குழாய்கள் நிறைந்த படலத்தில் பட்டுத் திரும்புவதே அச்சிவப்பு. அதைக் கொண்டு ஒரு சோதனையை சுவிற்சர்லாந்தின் பாசல் நகரக் கண் வைத்தியர் ரோலண்ட் புரூக்னர் 1962இல் வெளியிட்டார். மாறுகண்ணைக் கண்டுபிடிக்கவே அவர் அதை வகுத்தார்; பவர் வித்தியாசத்தைக் காணவும் அது பின்னர் உதவியது.

அறையை இருட்டாக்கி, பிள்ளையை உம்மாவின் மடியில் இருத்துவார்கள். வைத்தியர் ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்திலிருந்து, ஒப்தல்மொஸ்கோப் என்னும் சிறு கருவியின் வெளிச்சத்தை இரு கண்களிலும் ஒரே நேரத்தில் பாய்ச்சி, அதன் துவாரத்தினூடாகப் பார்ப்பார். இரு சிவப்பும் ஒரே நிறமாக, ஒரே பிரகாசமாக இருந்தால் நல்லது. ஒன்று மங்கியிருந்தாலோ, ஒன்றில் மட்டும் பிறை போன்ற கீற்றுத் தெரிந்தாலோ சந்தேகந்தான். தலைப்பிறை தேடிப் பழகிய நமக்கு இது நன்றாகவே விளங்கும்! வலியில்லை, ஒரு நிமிடம் போதும். பவர் எவ்வளவு என்பதை இது சொல்லாது. அதற்குத் துளிமருந்து விட்டு அளக்க வேண்டும். இரு கண்களிலும் ஒரே அளவு குறையிருந்தால் இச்சோதனைக்குத் தப்பிவிடவும் கூடும்.

கைத்தொலைபேசிப் படத்தை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பல கெமராக்கள் அச்சிவப்பை அழித்தே விடுகின்றன. ஆனால், ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் தாமதியாதீர்கள். பல சமயம் ஒன்றுமிராது. எனினும் கண்புரையோ விழித்திரைப் புற்றுநோயோ அப்படித் தெரியலாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே காட்டுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விளையாட்டாகப் பிள்ளையின் கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை கண்ணாடிதான். சிலருக்கு அதுவே போதும். சிலருக்கு நல்ல கண்ணைத் தினமும் சில மணிநேரம் மூடிவைக்க வேண்டும். பார்வை நடுத்தரமாகக் குறைந்த, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு மணிநேரம் மூடுவதும் ஆறு மணிநேரம் மூடுவதும் ஒரே பலனைத் தந்ததென 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஏழு வயதைத் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும்.

"பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா? நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது..." என்று இழுப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். பார்வை வளரும் வருடங்கள் கல்யாண வயதுக்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். மூத்த பிள்ளைக்கு இக்குறை இருந்தால் இளையவர்களையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.