கோப்பிப் பாத்திரமும் முதுமாணிப் பட்டமும்

வீட்டில் மூத்த பிள்ளை இளமாணிப் பட்டம் பெற்று மேற்படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் காலம் பெற்றோருக்கு ஒரு சோதனைக் காலமாகும். மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் அவர்களுக்கு விளங்கும். "பொருள்களின் இணையம் படிக்கப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், தாயும் தந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவர். பொருள்கள் தம்முட் செய்தி பரிமாறுவதைப் பல்கலைக்கழகத்தில் ஓரிரண்டு ஆண்டுகள் பயில்வதற்கு அப்படி என்னதான் இருக்கிறது? இவ்வையத்தைத் தீர்க்க எம்மாலியன்ற அளவு இங்கு முயல்வோம்.

இத்துறையின் தொடக்கக் கதைகளுள் ஒன்று மிக வேடிக்கையானது. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் அறிஞர் பலருக்கும் பொதுவாக ஒரு கோப்பிப் பாத்திரம் இருந்தது. தொலைவிலுள்ள அறைகளிலிருந்து படிகளைக் கடந்து ஆவலோடு வருவோர் வெறும் பாத்திரத்தைக் கண்டு மனஞ் சலித்துத் திரும்புவர். 1991ஆம் ஆண்டில் அப்பாத்திரத்தை நோக்கி ஒரு கமராவை நிறுத்தி, அதன் படம் தத்தம் கணினித் திரையில் தோன்றுமாறு செய்துகொண்டனர். 1993இல் அப்படம் உலகளாவிய வலையில் ஏறியது. 2001இல் ஆய்வுகூடம் இடம்மாறும்வரை, கோப்பி இருக்கிறதா இல்லையா என்பதை உலகத்தின் எம்மூலையிலிருந்தும் காண முடிந்தது. இதனிடையே, 1999இல் கெவின் ஆஷ்டன் என்பார் "பொருள்களின் இணையம்" என்ற தொடரை வழங்கினார்.

ஒரு பொருளைச் செய்தி சொல்ல வைப்பது இன்று கடினமன்று. சிறுவனொருவன் மலிவான கருவிகளைக் கொண்டு ஒரு பிற்பகலில் அதனைச் செய்துவிடுவான். அவ்வாறாயின் முதுமாணி வகுப்பு எதற்கு? அப்பொருள் ஆண்டுக்கணக்கில், எவரும் பாராத இடத்தில், எவருக்கும் தீங்கின்றிப் பணிபுரிய வேண்டுமே, அதற்காகத்தான்.

அவ்வகுப்பிற் கற்கும் முதற்பாடம் சிக்கனம். வயலின் ஈரத்தை அளந்தறிவிக்கும் சிறு கருவியொன்றை எண்ணிப் பாருங்கள். விழித்திருக்கும்போது அது 20 மில்லியம்பியர் மின்னோட்டத்தை உண்கிறது என்று கொள்வோம். 2000 மில்லியம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரியில் அது 100 மணித்தியாலம், அதாவது நான்கு நாளுக்குச் சற்று மேல், உயிரோடிருக்கும். அதே கருவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2 செக்கன் மட்டும் விழித்துப் பணிபுரிந்து, மற்றைய நேரமெல்லாம் மில்லியம்பியரின் நூறிலொரு பங்கை மாத்திரம் உண்டு உறங்குமாயின், கணக்கின்படி நான்கு ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கும். பற்றரி தானாகவே சோர்வதைக் கழித்தாலும், நாட்கணக்கு ஆண்டுக்கணக்காகிவிடும். எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்னும் இவ்வறிவுக்காகவே மாணவர் மின்னியலையும் வானொலியலைகளையும் மென்பொருளையும் ஒருசேரப் பயில வேண்டியுள்ளது.

இரண்டாம் பாடம், எதனைச் சொல்லாமல் விடுவது என்பது. இலண்டனிலுள்ள எலிசபெத் மகாராணி ஒலிம்பிக் பூங்காவில் 2017ஆம் ஆண்டு 15 பெட்டிகள் நிறுவப்பட்டன. வௌவால்கள் எழுப்பும், மனிதச் செவிக்கெட்டாத ஒலியைச் செவிமடுப்பதே அவற்றின் தொழில். கேட்ட ஒலி முழுவதையும் அனுப்புவதாயின் செய்திப்பாதை தாங்காது. ஆகவே, பெட்டியே ஒலியைப் படமாக்கி, வௌவாலின் குரலை இனங்கண்டு, முடிவை மாத்திரம் அனுப்பியது. இம்முயற்சியிற் பங்கெடுத்த இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பின்னர் "இணைக்கப்பட்ட சூழல்கள்" என்ற பெயரில் ஒரு முதுமாணிப் படிப்பே அமைக்கப்பட்டது. அது பொறியியற் பீடத்தில் அல்லாமல், கட்டடக் கலையும் நகர அமைப்பும் பயிற்றும் பீடத்தில் அமைந்தமை கருதத்தக்கது. கருவி வாழுமிடம் மக்கள் வாழுமிடமன்றோ!

மூன்றாம் பாடமே தலையாயது, அது காவல். 2016ஆம் ஆண்டில் "மிராய்" என்னும் தீய மென்பொருள், வீடுகளிலும் கடைகளிலுமிருந்த கமராக்கள் முதலிய கருவிகளை இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. அது பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. தொழிற்சாலையில் இடப்பட்டு எவராலும் மாற்றப்படாதிருந்த சுமார் 60 பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது, கதவுகள் திறந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, அவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகளைக்கொண்டு, இணைய முகவரிகளைத் தேடிக் கொடுக்கும் அமெரிக்க நிறுவனமொன்று தாக்கப்பட்டது. புகழ்பெற்ற தளங்கள் பலவற்றை மக்கள் பல மணி நேரம் அணுக முடியாது தவித்தனர்.

அம்மென்பொருளை ஆக்கிய குற்றத்தை 2017இல் ஒப்புக்கொண்டோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர் மூவர். அவருள் ஒருவர் பல்கலைக்கழகத்திற் கணினி பயின்றவர். திறமை அவர்களிடம் குறைவாயிருக்கவில்லை; பொறுப்புணர்ச்சியே குறைவாயிருந்தது. ஆயினும் பழி அவர்களோடு முடிந்துவிடுமா? பூட்டில்லாத கதவை இலட்சம் வீடுகளுக்கு விற்றவர்களும் படித்த பொறியியலாளரே. இத்தகைய பொதுக் கடவுச்சொற்களோடு கருவிகளை விற்பதைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியாவில் 2024 ஏப்பிரிலிலேதான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வர எட்டாண்டு சென்றது. வகுப்பறையில் ஒரு நல்லாசிரியருக்கு ஒரு மணிநேரம் போதுமாயிருந்திருக்கும்.

ஆகவே, பிள்ளை இப்படிப்பை விரும்பினால் தடுக்கவேண்டாம். ஆயின் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். மாணவர் தாமே ஒரு கருவியை ஆக்கி, மழையிலும் வெயிலிலும் சில மாதமேனும் இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு அங்கே உண்டா? பாதுகாப்பு விருப்பப் பாடமா, கட்டாயப் பாடமா? சேர்க்கும் செய்தி யாருக்கு உரியது என்பதை ஆராயும் வகுப்பு உண்டா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின், அப்பட்டத்தை நம்பிப் பெறலாம். கோப்பிப் பாத்திரத்துக்குக் கண் வைத்தது விளையாட்டாக இருந்தது. இன்று கண்ணும் காதும் பெற்ற பொருள்கள் எம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றை ஆக்குவோர் நன்றாகப் படித்திருக்க வேண்டுமென்று விரும்ப, அந்த வீட்டில் வாழும் எமக்கு முழு உரிமையுண்டு.