யூரியா 36, பி.யூ.என். 17: இரண்டும் ஒன்றுதான்

பாதியாகக் குறைந்ததா?

போன முறை ஓர் ஆய்வகத்தில் 'பிளட் யூரியா 36' என்று வந்தது. இம்முறை வேறோர் ஆய்வகத்தில் 'பி.யூ.என். 17'. பாதியாகக் குறைந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். எதுவும் குறையவில்லை, அளந்து சொன்ன பொருள்தான் வேறு.

2.14 வந்த கதை

உடலில் புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நஞ்சான அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. யூரியாவின் மூலக்கூறு எடை 60. அதிலுள்ள இரண்டு நைட்ரஜன் அணுக்களின் எடை 28. முழு யூரியாவின் அளவைச் சொன்னால் அது பிளட் யூரியா; நைட்ரஜனை மட்டும் சொன்னால் பி.யூ.என்., அதாவது பிளட் யூரியா நைட்ரஜன். 60-ஐ 28-ஆல் வகுத்தால் 2.14. ஆகவே யூரியாவை 2.14-ஆல் வகுத்தால் பி.யூ.என்.; பி.யூ.என்.-ஐ 2.14-ஆல் பெருக்கினால் யூரியா.

இந்தக் கணக்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகுக்கு மட்டுமே. பிரிட்டன், சிங்கப்பூர் அறிக்கைகளில் லிட்டருக்கு மில்லிமோல் என்றிருக்கும். அங்கே யூரியா 6 என்றால், நம் ஊர்க் கணக்கில் 36.

ஏமாற்றும் 30

பெரியவர்களுக்குப் பிளட் யூரியா ஏறத்தாழ 15 முதல் 40 வரையும், பி.யூ.என். 7 முதல் 20 வரையும் இருக்கலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்றே மாறும். பி.யூ.என். 30 வந்தவர், 'நாற்பதுக்குள்தானே இருக்கிறது' என்று அறிக்கையை மடித்து வைத்துவிட்டால் ஆபத்து. அவருடைய யூரியா 64! வீண் பயத்தைவிட இந்தப் பொய்யான நிம்மதிதான் மோசம்.

சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியாட்டினினோடு ஒப்பிடும்போதும் இதே தடுமாற்றம் நேரும். பி.யூ.என்.-ஐக் கிரியாட்டினினால் வகுத்தால் 10 முதல் 20 வரை வருவது வழக்கம். அதைத் தாண்டினால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். யூரியா 36, கிரியாட்டினின் 1 உள்ளவருக்குத் தவறுதலாக யூரியாவை வைத்து வகுத்தால் 36 வரும். சரியான விடை 17தான்.

ஏறினால் சிறுநீரகம்தானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வாந்தி, பேதி, இரைப்பையில் ரத்தக்கசிவு, ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் யூரியாவை ஏற்றும். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் யூரியா குறைந்தே காட்டும். அதனால் மருத்துவர்கள் கிரியாட்டினினையும் சிறுநீரில் ஆல்புமினையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

அடுத்த முறை அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணுக்கு முன்னால் பெயரையும் அலகையும் படியுங்கள். பழைய அறிக்கையையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.